அம்மாவின் அளவுக்கு ஒரு நாற்காலி

எங்கள் வீட்டில் அப்பாவுக்கு ஒரு சாய்வு நாற்காலி இருந்தது. எனக்கும் தம்பிக்கும் படிக்க மடக்கு நாற்காலிகள். வருகிறவர்களுக்கு பிளாஸ்டிக் சேர். அம்மாவுக்கு தரைதான். கீரை ஆய்வது, பூ கட்டுவது, டிவி பார்ப்பது எல்லாமே சுவரில் முதுகு சாய்த்து, காலை நீட்டியபடி. அப்பா இறந்து 4 வருடமான பிறகும் அந்தச் சாய்வு நாற்காலியில் அம்மா உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

போன வருடம் அம்மாவுக்கு இரண்டு முழங்காலிலும் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. "இனிமே தரையில உட்காரக் கூடாதும்மா" என்றார் டாக்டர். "அப்ப நான் எங்க உட்கார்றது?" என்று கேட்டார் அம்மா. டாக்டர் சிரித்தார். நானும் சிரித்தேன். ஊருக்கு வந்த பிறகுதான் அது எவ்வளவு நியாயமான கேள்வி என்று புரிந்தது.

அம்மாவின் உயரம் 4 அடி 10 அங்குலம். பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்தால் பாதம் தரையில் படாமல் தொங்கும். அரை மணி நேரத்தில் தொடை மரத்துப்போகும். சாயங்காலத்துக்குள் பாதம் வீங்கிவிடும். உயரம் குறைந்த நாற்காலி வாங்கலாமா என்று பிசியோதெரபி செய்ய வந்த பெண்ணிடம் கேட்டேன். வேண்டாம் என்றார். தாழ்வாக உட்கார்ந்தால் எழும்போது முழு பாரமும் முழங்காலில்தான் இறங்குமாம். இருக்கை உயரமாகவே இருக்கட்டும், பாதத்துக்கு ஒரு மணை போடுங்கள், கைப்பிடி கட்டாயம் வேண்டும் என்றார்.

அப்போதுதான் மாட்டுக் கொட்டகைப் பரணில் கிடந்த பலாப் பலகைகள் ஞாபகத்துக்கு வந்தன. 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் கரையைக் கடந்தபோது, பட்டுக்கோட்டைப் பக்கத்தில் இருக்கும் எங்கள் கொல்லையில் தென்னைகளோடு அந்தப் பலாவும் வேரோடு சாய்ந்தது. வியாபாரி விறகு விலைக்குக் கேட்டார். "நான் கல்யாணமாகி வந்த வருஷம் வெச்ச கன்னு" என்று அம்மா தரவே இல்லை. அறுத்துப் பலகையாக்கிப் பரணில் அடுக்கினோம். தஞ்சாவூர் வீணையே பலா மரத்தில்தான் செய்கிறார்கள், நாற்காலிக்கு என்ன குறை?

நான் வங்கியில் வேலை பார்ப்பவன். உளி பிடித்ததில்லை. எங்கள் தெரு ஆசாரிக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும்.

"குடுங்க தம்பி, நான் செஞ்சு தர்றேன்" என்றார்.

"இல்லண்ணே, நான் செய்யணும். நீங்க பக்கத்துல இருந்து சொல்லுங்க."

"அப்ப ரெண்டு மடங்கு நாளாகும். பரவாயில்லியா? சரி, முதல்ல ஆளை அளந்துட்டு வாங்க."

டேப்போடு போய் அம்மாவின் காலடியில் உட்கார்ந்தேன். "எதுக்குடா, செருப்பு தைக்கவா?" என்றார் அம்மா. குதிகாலிலிருந்து முழங்காலின் பின்மடிப்பு வரை பதினாலரை அங்குலம். எழுதிக்கொள்ளும்போது ஒன்று உறைத்தது. எங்கள் வீட்டுச் சமையல் மேடைகூட கொத்தனார் தன் கணக்குக்குக் கட்டியதுதான். ஒரு பலகையைப் போட்டு அதன் மேல் நின்றுதான் முப்பது வருடம் தோசை சுட்டார் அம்மா. அந்த வீட்டில் எதற்காகவும் அம்மாவை யாரும் அளந்ததே இல்லை.

வாரம் தவறாமல் சனி, ஞாயிறு ஊருக்குப் போனேன். இழைப்புளி தள்ளத் தள்ள மஞ்சள் மஞ்சளாகச் சீவல் சுருண்டு விழுந்தது. சட்டையெல்லாம் மஞ்சள் தூள். ஒரு கட்டையில் துளை, இன்னொன்றில் அதற்குள் இறுக்கமாக நுழைகிற நாக்கு, ஆணி கிடையாது. என் முதல் துளையில் ரெண்டு நாக்கு போகும். அந்தக் கட்டையை ஆசாரி பேசாமல் அடுப்புக்கு எடுத்து வைத்தார்.

முன்கால்கள் இரண்டுக்கும் நடுவே கீழே குறுக்குக் கட்டை போடப் போனேன். ஆசாரி கையைப் பிடித்துக்கொண்டார். "எந்திரிக்கிறப்ப பாதம் உள்ள போகணும்ல தம்பி? நீங்களே உட்கார்ந்து எந்திரிச்சுப் பாருங்க." பார்த்தேன். பாதத்தைப் பின்னால் இழுக்காமல் எழவே முடியவில்லை. ஐம்பது வருடமாக உட்கார்ந்து எழுகிறேன், கவனித்ததில்லை. பக்கக் கட்டைகளை இணைக்கிற குறுக்குக் கட்டையை நடுவுக்குத் தள்ளினோம். அந்த இடைவெளியில் மணையும் நாற்காலிக்கு அடியில் போய்விடும், எழும்போது காலில் இடறாது.

எல்லாம் பூட்டி நிறுத்தினால் நாற்காலி ஆடியது. ஆசாரி இல்லாத நேரம். ஒரு காலைக் கொஞ்சம் அறுத்தேன். அந்தப் பக்கம் ஆடியது. இன்னொரு காலை அறுத்தேன். ஆசாரி வந்தபோது 18 அங்குல இருக்கை பதினேழேகாலுக்கு வந்திருந்தது. ஒரு வார்த்தை திட்டவில்லை. நாற்காலியைச் சமதரையில் வைத்து, ஆடுகிற காலுக்கு ஆப்பு கொடுத்து நிறுத்தினார். ஒரே உயரக் கட்டையில் பென்சிலை வைத்து நான்கு காலையும் சுற்றிக் கோடு போட்டார். "இப்ப அறுங்க." அறுத்தேன். சரியாக 17. மூன்றரை அங்குலமாக இருக்க வேண்டிய மணை இரண்டரை அங்குலமானது.

கூடத்தில் கொண்டுபோய் வைத்தேன். அம்மா தடவிப் பார்த்தார். கைப்பிடியை ஆட்டிப் பார்த்தார். உட்காரவில்லை. "நல்லாருக்குடா" என்று சொல்லி, துவைத்து மடித்த துணிகளை அதன் மேல் அடுக்கிவிட்டார். அடுத்த வாரம் போனபோதும் துணிதான் உட்கார்ந்திருந்தது. எனக்குக் கோபமே வந்தது. ஒன்பது வாரமய்யா!

அதற்கடுத்த வாரம் நான் போன நேரம் அம்மா நாற்காலியில் இருந்தார். பாதம் இரண்டும் மணையில், மடியில் முருங்கைக்கீரை முறம். என்னைப் பார்த்ததும் குதிகாலால் மணையை உள்ளே தள்ளி, கைப்பிடியை ஊன்றி எழப் பார்த்தார். அதற்குள் எதிர்வீட்டுப் பெரியப்பா உள்ளே வந்தார். அவர் வந்தால் அம்மா எழுந்து உள்ளே போய்விடுவதுதான் வழக்கம்.

அம்மா மணையைக் காலால் திரும்ப வெளியே இழுத்தார். கீரையிலிருந்து பார்வையை எடுக்காமல் சொன்னார்: "தம்பி, பெரியப்பாவுக்கு அந்த பிளாஸ்டிக் சேரை எடுத்துப் போடு."