அப்பிள் ஆயப் போகிற கிழமை

திங்கள்

சனிக்கிழமை பௌமன்வில் பக்கம் போவதாக முடிவு. ஸ்காபரோவில் இருந்து 401 பிடித்தால் ஒரு மணித்தியாலத்துக்குள் போய்விடலாம். செப்டம்பர் மூன்றாம் கிழமை என்றபடியால் மக்கின்ரொஷும் காலாவும் இருக்கும், ஹனிகிறிஸ்ப் இருந்தாலும் இருக்கும். நோர்தர்ன் ஸ்பைக்கு ஒக்டோபர் வரை பொறுக்கவேண்டும்.

அம்மாவிடம் சொன்னேன். நம்பவில்லை. “காசும் குடுத்து, ஆயிற வேலையும் நாங்களே செய்யிறதோ?”

செவ்வாய்

போன வருடம் விட்ட பிழைகளை முதலில் எழுதி வைக்கிறேன்.

ஒன்று, பின்னேரம் போனது. அதற்குள் கை எட்டுகிற கொப்பெல்லாம் வெறுமை. இந்த முறை காலை ஒன்பதுக்கு வாசலில் நிற்கவேண்டும். வெளிக்கிட முதல் தோட்டத்துக்கு ஒரு போன் எடுத்து, அன்றைக்கு எந்தச் சாதி ஆய விடுகிறார்கள் என்று கேட்கவேண்டும்.

இரண்டு, சின்னவளுக்கு வெள்ளைச் சப்பாத்து. முதல்நாள் மழை பெய்திருந்தது.

மூன்று, அரை புஷல் பை வாங்கியது. கிட்டத்தட்ட 20 இறாத்தல், அறுபது பழம் வரும். ஐந்து பேருக்கு ஆளுக்குப் பன்னிரண்டு. மக்கின்ரொஷ் கனநாள் நிற்கிற பழம் இல்லை. மூன்றாம் கிழமை மாப்பிடித்துவிட்டது, பாதி குப்பைக்குப் போனது. குளிர்ப்பெட்டியில் பக்கத்தில் வைத்த கரட்டும் கைத்துப்போனது. அப்பிள் விடுகிற எதிலீன் வாயு கரட்டைக் கைக்கப்பண்ணுமாம், பிறகுதான் தெரியும்.

இந்த முறை பெக், அதாவது பத்து இறாத்தல். சின்னப் பை. கீழே கோடு போட்டு வைக்கிறேன்.

புதன்

அம்மா கேட்டா, “கொக்கத்தடி கொண்டுபோகத் தேவையில்லையோ?”

தேவையில்லை. அந்த மரங்கள் என் உயரத்தை விடக் கொஞ்சம்தான் கூட. ஒட்டுகிற அடிக்கன்றுதான் மரத்தைக் குட்டையாக வைத்திருக்கிறது. எம் 9 என்று ஒன்று, இங்கிலாந்தில் கென்ட் பக்கத்து ஈஸ்ட் மோலிங் ஆராய்ச்சி நிலையம் வகைப்படுத்திக் கொடுத்தது, உலகம் முழுக்கப் பரவியிருக்கிறது. ஆறு வயதுப் பிள்ளை ஏணி இல்லாமல் பழம் ஆய்வது அதன் புண்ணியம்.

“அப்ப எங்கடை ஒட்டு மாங்கண்டு மாதிரி” என்றா அம்மா. அதேதான். மகன் அப்பிள் விதை நட்டால் அதே பழம் வருமா என்று கேட்டான். வராது. 1811இல் ஒன்ராறியோவில் ஜோன் மக்கின்ரொஷ் என்ற கமக்காரர் காடு வெட்டும்போது கண்ட கன்றில் இருந்து ஒட்டி ஒட்டி வந்தவைதான் இன்றைக்கு இருக்கிற மக்கின்ரொஷ் மரமெல்லாம். அந்தத் தாய்மரம் பட்டு நூறு வருடத்துக்கு மேல்.

வியாழன்

சமையலறையில் ஒத்திகை. பிள்ளைகளுக்கு நான் காட்டியது: பழத்தை உள்ளங்கையில் ஏந்து, மேல்நோக்கி உயர்த்தி, கொஞ்சம் திருகு. பழுத்தது தானாகக் கையோடு வரும். கீழே இழுத்தால் கொப்பு ஆடி மற்றப் பழமும் விழும், அடுத்த வருடத்து மொட்டும் முறியும்.

அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, “பிடுங்கிறது வேறை, ஆயிறது வேறை. காம்போடை ஆயோணும், காம்பு போனால் பழம் நிண்டுபிடிக்காது” என்றா. கறுத்தக்கொழும்பான் ஆய்ந்த கை அது. காம்பு ஒட்ட முறிந்து பால் பட்டால் மாம்பழத் தோல் கறுத்துப்போகும் என்று சின்னவளுக்கு வகுப்பு எடுத்தா. சின்னவள் அப்பிளிலும் பால் வருமா என்று பார்க்க இரண்டு காம்பை முறித்துப் பார்த்தாள்.

நிறத்தை நம்பவேண்டாம் என்றும் சொல்லவேண்டும். சிவப்பு வெயில் பட்ட பக்கம் வரும். சிவப்புக்கு அடியில் இருக்கிற பச்சை, மஞ்சளுக்கு மாறியிருக்கிறதா என்று பார்க்கவேண்டும். வெட்டிப் பார்த்தால் விதை மண்ணிறமாக இருக்கவேண்டும். வெளிக்கொப்புப் பழம் முதலில் பழுக்கும்.

வெள்ளி

கொண்டுபோக வேண்டியவை:

பழைய சப்பாத்து, எல்லாருக்கும் நீட்டுக் காலுறை. புல்லில் உண்ணி இருக்கும். வீட்டுக்கு வந்ததும் முழங்காலுக்குப் பின்பக்கம், காதுக்குப் பின்பக்கம் பார்க்கவேண்டும்.

மூடி உள்ள தண்ணீர்ப் போத்தல். திறந்த சோடா ரின் கூடாது, குளவி உள்ளே போய் இருக்கும். விழுந்த பழத்தில் கை வைக்கக் கூடாது, அங்கேயும் குளவி.

காலைக் குளிருக்கு மெல்லிய ஜக்கெட். காசுத்தாள் கொஞ்சம், எல்லா இடமும் அட்டை எடுக்காது.

ரோல்ஸ் பன்னிரண்டு. உள்ளே வெளிச்சாப்பாடு விடாவிட்டால் கார் நிறுத்துமிடத்தில் சாப்பிடலாம்.

உப்பும் மிளகாய்த்தூளும் ஒரு சின்ன டப்பாவில். இது அம்மா சேர்த்தது.

கார் டிக்கியில் விரிக்க அவவுடைய பழைய பருத்திச் சேலை ஒன்று. அதுவும் அம்மா. அடிபட்ட பழம் மற்றதையும் பழுதாக்கும்.

வெள்ளி இரவு

பட்டியலை வாசித்துக் காட்டினேன். “சின்னப் பை” என்ற இடத்தில் நிறுத்தினா.

“ஏன் பிள்ளை சின்னது?”

போன வருடக் கணக்கைச் சொன்னேன். அறுபது பழம், ஐந்து பேர், ஆளுக்குப் பன்னிரண்டு.

“அஞ்சாலை ஏன் பிரிச்சனீ? பக்கத்து வீட்டுச் சீனத்து மனிசி எங்கை? முன்வீடு எங்கை? கோயிலுக்கு என்னை ஏத்திக்கொண்டு போற பிள்ளை எங்கை? ஊரிலை ஒரு மரம் ஆய்ஞ்சால் எத்தினை வீட்டுக்குப் போனது எண்டு உனக்கு நினைவில்லையோ?”

நினைவிருந்தது. கடகத்தில் மாம்பழம் கொண்டுபோய்க் கொடுக்க அனுப்புவது என்னைத்தான். பன்னிரண்டு வயதில் அது எனக்குப் பெரிய கரைச்சல்.

பட்டியலில் “சின்னப் பை”யை வெட்டிவிட்டேன். அரை புஷல். அதற்குக் கீழே எழுதியது: காகிதப் பை, ஐந்து. கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை மகனுக்கு. அவனுக்கு இன்னும் சொல்லவில்லை.