கவுதாரி பார்த்தல்

புதுச்சத்திரத்துக் காட்டோரங்களில் கண்ணி வைத்துக் கவுதாரி பிடித்தவர் எங்கள் அப்பா. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972இல் வந்தது. அவருடைய கண்ணிகள் அட்டாலிக்கு ஏறியதோ அதற்கும் பல ஆண்டுகள் கழித்துத்தான். மறைப்பானேன், அந்தக் கறியை நாங்களும் உண்டிருக்கிறோம்.

எழுபது கடந்தவருக்கு முதல் பைனாகுலர் வாங்கச் சேலம் சென்றோம். கடைக்காரர் 10×50ஐயே புகழ்ந்தார். பத்து மடங்கு என்பது பறவையோடு கைநடுக்கத்தையும் பெருக்கிக் காட்டும், எடையும் கூடுதல். நாங்கள் 8×42 கேட்டோம். எட்டு மடங்கு உருப்பெருக்கம், முன்வில்லையின் விட்டம் 42 மி.மீ. இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் கண்ணுக்கு வந்து சேரும் ஒளிவட்டம் 5.25 மி.மீ. கவுதாரி மேய வரும் விடியல் மங்கலுக்கு அது போதும். மூக்குக்கண்ணாடி அணிபவர் என்பதால், கண்ணை 15 மி.மீ.க்கு மேல் தள்ளி வைத்தாலும் முழுக்காட்சி தெரிகிறதா என்றும் பார்த்துக்கொண்டோம். விலையைப் பற்றிப் பேசாதிருப்பதே நலம்.

மறுநாள் விடியலில் வேலியோரம் ஒரு சோடி. அப்பா வெகுநேரம் பேசவில்லை.

“கையில புடிச்சப்பெல்லாம் துடிச்சுதான் பாத்திருக்கறேன் கண்ணு. இது சாவகாசமா நடக்குது.”

கண்ணாடியை எங்களிடம் தரவேயில்லை.