நரம்பும் விரலும்

திருப்பதிக்கு நான் மாற்றலாகி வந்த இரண்டாம் ஆண்டில் நிகழ்ந்தது இது. பள்ளி ஆண்டு விழாவுக்குரிய இசை நிகழ்ச்சிகளைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு என்னிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது. கல்லூரி நாள்களில் சிறிது கிட்டார் பழகியவன் என்பதே அதற்குக் காரணம். ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் பழைய கிட்டார் ஒன்றைத் துணிப்பையில் வைத்துச் சுமந்து வந்தான். அவன் வாசிக்கத் தொடங்கியதும் சுரங்களோடு கரகரப்பும் சேர்ந்து எழுந்தது. சில சுரங்கள் பிறந்தவுடனே மடிந்தன. நான் பாதியிலேயே நிறுத்தினேன்.

"தம்பி, கருவி சரியில்லை. நல்ல கிட்டார் ஒன்று வாங்கிக்கொண்டு அடுத்த ஆண்டு வா" என்றேன்.

அவன் மறுமொழி கூறவில்லை. கிட்டாரைப் பைக்குள் வைத்து, பையின் வாயை மெல்லக் கட்டிக்கொண்டு வெளியேறினான்.

நான் கூறியது தவறென்று அன்று எனக்குத் தோன்றவில்லை. அந்த நாள்களில் இரவுதோறும் திருத்தக்கதேவரின் சீவக சிந்தாமணியை மீண்டும் படித்துக்கொண்டிருந்தேன். யாழிசையில் தன்னை வெல்பவனையே மணப்பேன் என்று உறுதி பூண்டவள் காந்தருவதத்தை. அப்போட்டிக்கு வந்த சீவகன், தனக்குத் தரப்பட்ட யாழ்களை ஒன்றன்பின் ஒன்றாக மறுக்கிறான். ஒன்றன் மரம் நீரில் நின்று கெட்டது. ஒன்றன் மரம் இடியால் தாக்குண்டது. ஒன்றன் மரம் நெருப்பில் வெந்தது. நரம்பின் முறுக்கைப் பிரித்து, உள்ளே மயிர் இருப்பதையும் எடுத்துக் காட்டுகிறான். கருவியில் பிழை இருந்தால் இசையிலும் பிழை வரும் என்பதற்கு வேறு சான்று எதற்கு? நானும் சீவகனைப் போலவே தீர்ப்புக் கூறியதாக எண்ணி மகிழ்ந்தேன்.

அப்பொழுதுதான் எனக்கென்று மின்கிட்டார் ஒன்றும் ஒலிபெருக்கிப் பெட்டி ஒன்றும் வாங்கியிருந்தேன். காலால் மிதித்தால் எதிரொலியையும் முழக்கத்தையும் சேர்த்துத் தரும் சிறு கருவி ஒன்றும் வைத்திருந்தேன். அதை மிதித்துவிட்டு எதை வாசித்தாலும் அறை நிறைந்துவிடும். ஒருநாள் மாலை வாசித்துக்கொண்டிருந்தபொழுது மின்சாரம் நின்றது. ஒலிபெருக்கி அடங்கியது, என் விரல்கள் மட்டும் நிற்கவில்லை. வெறுங்கம்பிகளின் மெல்லிய ஒலி இருட்டில் தெளிவாகக் கேட்டது. அதே கரகரப்பு. பிறந்தவுடனே மடியும் அதே சுரங்கள். அந்த மாணவனின் பழைய கிட்டாரில் நான் கேட்ட குறைகள் அனைத்தும் என் புதிய கிட்டாரிலும் இருந்தன.

மறுநாள் அவனை அழைத்துக் கேட்டேன். "அது தாத்தாவின் கிட்டார், ஐயா. சித்தூருக்கே திருப்பிக் கொடுத்துவிட்டேன்" என்றான். அந்த வார ஞாயிற்றுக்கிழமை, அவனுடைய தந்தையின் இசைவோடு நானும் அவனும் சித்தூருக்குப் பேருந்தில் புறப்பட்டோம். சந்திரகிரிக் கோட்டையையும் மாந்தோப்புகளையும் கடந்து சென்ற அந்தப் பயணத்தில் இருவரும் அதிகம் பேசிக்கொள்ளவில்லை.

தாத்தா எழுபது வயதைக் கடந்தவர். இளமையில் தேவாலயப் பாடற்குழுவில் கிட்டார் வாசித்தவர். நான் வந்த காரணத்தைக் கூறியதும் அந்தக் கிட்டாரை எடுத்து மடியில் வைத்துச் சுருதி கூட்டினார். பிறகு எளிய மெட்டொன்றை வாசித்தார். ஒலியில் பொலிவு குறைவுதான்; ஆனால் கரகரப்புச் சிறிதும் இல்லை. ஒவ்வொரு சுரமும் அடுத்த சுரம் வரும்வரை நின்றது.

"வாத்தியார் ஐயா, இதில் இரண்டு குறைகள் உண்டு" என்றார் அவர். "கரகரப்பு விரலின் குறை. மங்கல் கம்பியின் குறை. இரண்டையும் பிரித்து அறிந்தால்தான் மருந்து சொல்ல முடியும்."

பேரனின் விரலைப் பிடித்து விளக்கினார். கிட்டாரின் கழுத்தில் வரிசையாகப் பதித்த உலோகக் கட்டைகளை வீணைக்காரர்கள் மெட்டு என்பார்கள். இரண்டு மெட்டுகளுக்கு நடுவே விரலை வைத்தால் கம்பி மெட்டின்மேல் இறுகப் படியாமல் அதிரும். மேலும் வலிந்து அழுத்த வேண்டியிருக்கும். மெட்டை ஒட்டி, அதன் பின்புறத்தில் வைத்தால் சிறிய அழுத்தமே போதும், ஒலி தெளியும். வலக்கைக்கும் இடம் உண்டு. கம்பி முடியும் பாலத்தின் அருகே மீட்டினால் மேற்சுரங்கள் மிகுந்து ஒலி கூர்மையாகும்; நடுத்துளையின் பக்கம் மீட்டினால் கனிந்து வரும். கம்பிகளோ வியர்வையும் துருவும் ஏறிப் பழையனவாகிவிட்டன. அவற்றை மாற்றினால் மங்கல் நீங்கும். புதிய கிட்டார் வேண்டியதில்லை.

பின்பு அவர் என்னைப் பார்த்து அமைதியாகக் கேட்டார்: "அன்று இதை நீங்கள் கையில் வாங்கிப் பார்த்தீர்களா, ஐயா?"

நான் வாங்கிப் பார்க்கவில்லை. சீவகன் ஒவ்வொரு யாழையும் தானே ஆராய்ந்து, நரம்பின் முறுக்கைப் பிரித்துக் காட்டிய பின்னரே குறை கூறினான். நானோ தொலைவில் அமர்ந்தபடியே தீர்ப்புக் கூறினேன். காவியத்தில் அப்பகுதியைப் பலமுறை படித்தவன், அதன் பொருளைச் சித்தூரில்தான் உணர்ந்தேன்.

திரும்பும் வழியில், ஆந்திர மண் அளித்த மற்றொரு கலைஞர் நினைவுக்கு வந்தார். 1969இல் பாலகொல்லுவில் பிறந்த மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸ், ஆறு வயதில் தந்தையின் மாண்டலினை எடுத்து வாசிக்கத் தொடங்கினார். அவருடைய குரு ருத்ரராஜு சுப்பராஜு மாண்டலின் வாசித்தவர் அல்லர். அவர் பாடுவார்; சிறுவன் அதைக் கேட்டுக் கருவியில் கொண்டுவருவான். இவ்வாறு வாய்ப்பாட்டின் வழியே கையும் செவியும் வளர்ந்தன. இரட்டைக் கம்பிகள் நான்கு கொண்ட மாண்டலினில் ஒலி விரைவில் அடங்கிவிடும். கருநாடக இசையின் கமகங்களுக்கோ நீண்டு நிற்கும் ஒலி வேண்டும். ஆகவே, அவர் ஐந்து ஒற்றைக் கம்பிகள் கொண்ட மின் மாண்டலினை மேற்கொண்டார். அவரும் கருவியை மாற்றினார், நானும் மாற்றினேன். வேறுபாடு ஒன்றே. அவர் கை தேடிய ஒலிக்காக அவர் கருவியை மாற்றினார். என் கையின் குறையை மறைப்பதற்காக நான் மாற்றினேன்.

திருப்பதிக்கு வந்து சேர்ந்ததும் ஆறு புதிய கம்பிகள் வாங்கினேன். மறுநாள் இசை அறையில் அவற்றை இருவரும் சேர்ந்து மாட்டினோம். "அன்று நான் கூறியது தவறு, தம்பி. உன் கிட்டாரில் பெருங்குறை ஏதும் இல்லை. நான் ஆராயாமல் பேசிவிட்டேன்" என்றேன். அவன் தலை நிமிராமல் கம்பியை முறுக்கிக்கொண்டே, "சுருதி சேர்ந்துவிட்டதா என்று கேளுங்கள், ஐயா" என்றான். மன்னித்துவிட்டான் என்று கொண்டேன்.

ஆண்டு விழாவில் அவன் அந்தப் பழைய கிட்டாரையே வாசித்தான். ஓரிடத்தில் விரல் தவறிக் கரகரப்பு ஒலித்தது. அவன் நிறுத்தவில்லை, விரலைச் சற்றே முன்னகர்த்தி, அடுத்த சுரத்தைத் தெளிவாக எழுப்பினான். முன்வரிசையில் அமர்ந்திருந்த தாத்தா புன்னகை புரிந்தார்.

இப்பொழுதெல்லாம் நான் ஒலிபெருக்கியை இணைக்காமல் அரைமணி நேரம் வாசித்த பிறகே அதை இணைக்கிறேன். மாணவர் எவரேனும் பிழையாக வாசித்தாலோ, எழுதினாலோ, படித்தாலோ, குறை எங்கே இருக்கிறது என்று முதலில் அருகில் சென்று பார்க்கிறேன். பல வேளைகளில் அவர்களுக்கு வேண்டியது புதிய கிட்டார் அன்று. ஆறு கம்பிகளும், விரலை எங்கே வைக்க வேண்டும் என்று காட்டும் ஒருவருமே.