தண்டவாளம் போன போர்

பத்தாம் வகுப்பு வரலாற்றுப் பாடத்தில் இரண்டாம் உலகப்போர் ஸ்டாலின்கிராட், முத்துத் துறைமுகம், ஹிரோஷிமா என்று நகர்ந்து முடிகிறது. தேனியிலும் கம்பத்திலும் படிக்கும் பிள்ளைகளுக்கு அது எங்கோ யாரோ போட்ட சண்டை. ஆண்டுகளை மனப்பாடம் செய்தால் மதிப்பெண் வந்துவிடும். ஆனால் அந்தப் போர் இந்தப் பள்ளத்தாக்குக்குள்ளும் வந்தது. மலைச்சரக்கை மதுரைக்குக் கொண்டுபோக 1928-இல் திறந்த போடி ரயில் பாதை போர்க்காலத்தில் நிறுத்தப்பட்டது. இரும்பு தேவை என்று தண்டவாளத்தையும் பெயர்த்துக்கொண்டு போனார்கள். சுமார் 90 கிலோமீட்டர் பாதை அது. சுதந்திரம் வந்து சில ஆண்டுகள் கழிந்த பிறகு, 1950களில்தான் மறுபடி ரயில் ஓடியது. குண்டே விழாத ஊரைப் போர் என்ன செய்யும் என்று கற்பிக்க இந்த ஒரு சான்று போதும். போர்முனைக்கு வெளியே இருந்த ஊர்களின் பங்கைப் பாடமாக்க விரும்பும் ஆசிரியர், அந்த ஊரிலிருந்து எது போனது, போகவேண்டும் என்று முடிவு செய்தது யார், இழப்பைச் சுமந்தது யார் என்ற மூன்று கேள்விகளோடு தொடங்கலாம் என்பது என் கட்சி.

இந்தக் கேள்விகள் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாமே வழிகாட்டும். பாதை போன அதே காலத்தில் பெட்ரோலுக்கும் தட்டுப்பாடு. பஸ்களைக் கரிவாயுவில் ஓட்டினார்கள். ரயிலும் இல்லாமல் லாரிக்கு எண்ணெயும் இல்லாமல் போனால் ஏலக்காய் மூட்டைக்கு வண்டிக்கூலி எவ்வளவு ஏறும், அது வியாபாரியோடு நிற்குமா, தோட்டக் கூலியாள் வரை இறங்குமா என்று வகுப்பிலேயே யோசிக்க வைக்கலாம். அடுத்தது அரிசி. 1942-இல் பர்மா ஜப்பான் வசமானதும் அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றது. மலைக்கு மேற்கே இருந்த திருவிதாங்கூர் வெளி அரிசியை நம்பியிருந்த சமஸ்தானம். கிழக்கே 1895 முதல் பெரியாற்றுத் தண்ணீர் பாயும் கம்பம் வயல்கள். சென்னை மாகாணத்தில் விலைக் கட்டுப்பாடும் நெல் கொள்முதலும் பங்கீடும் வந்தன. இன்றைய ரேஷன் கடைக்கு வேர் அங்கேதான் இருக்கிறது. திருவிதாங்கூரோ உணவுப் பயிருக்காக மலைக்காட்டைத் திறந்துவிட்டது. இடுக்கி மலைகளில் குடியேற்றம் பெருகியதற்கு அதுவும் ஒரு காரணம். விடிகாலையில் ஜீப்பேறி ஏலத்தோட்டத்துக்குப் போகும் தாயின் பிள்ளைக்கு, அந்த மலையின் வரலாற்றில் ரங்கூனுக்கும் இடமுண்டு என்று தெரிந்தால் போர் பாடநூலை விட்டு இறங்கி வரும்.

அது நம் போரே இல்லையே, அதில் பங்கு என்ன என்று கேட்கலாம். 1939 செப்டம்பரில் வைஸ்ராய் லின்லித்கோ இந்தியத் தலைவர்களைக் கேட்காமலே இந்தியாவைப் போரில் இறக்கினார். அதை எதிர்த்து அக்டோபரில் ராஜாஜி அமைச்சரவை பதவி விலகியது. உண்மைதான். முடிவு செய்தது யார் என்ற கேள்வியை வைத்திருப்பதே அதற்காகத்தான். தமிழர்கள் பிரிட்டிஷ் படையிலும் இருந்தார்கள், நேதாஜியின் படையிலும் இருந்தார்கள், 1942 ஆகஸ்ட் போராட்டத்தில் சிறைக்கும் போனார்கள். இந்த மூவரையும் ஒரே பாடத்தில் வைத்தால் வெற்றுப் பெருமைக்கு இடமிருக்காது. உள்ளூரையே சுற்றி வந்தால் பிள்ளைகளின் பார்வை குறுகிவிடும் என்பது இன்னொரு தடை. பர்மா அரிசி நின்றதைத் தொட்டால் 1943 வங்கப் பஞ்சத்தைத் தொடாமல் இருக்க முடியாது. அங்கே லட்சக்கணக்கானவர்கள் செத்தது விளைச்சல் குறைவால் மட்டுமல்ல, விலையாலும் ஆட்சியின் முடிவுகளாலும்தான் என்பதைக் கம்பத்து வயலிலிருந்து தொடங்கிய மாணவர் எளிதில் பிடித்துக்கொள்வார். தேர்வுக்கு நேரம் போதாது என்ற முணுமுணுப்பும் எழும். இரண்டு பாடவேளை போதும். அதற்குப் பின் மனப்பாடச் சுமை குறையவே செய்யும்.

இந்தப் பாடத்தின் பயன் 1942-உடன் முடிவதில்லை. 1962 சீனப் போரின்போது மக்கள் பாதுகாப்பு நிதிக்கு நகையைக் கழற்றிக் கொடுத்தார்கள். 1965-இல் பிரதமர் சாஸ்திரி வாரம் ஒருவேளை உணவைத் தவிர்க்கச் சொன்னார். தாங்கள் தேர்ந்தெடுத்த அரசு கேட்டு மக்கள் கொடுத்தது ஒருவகை. கேட்காமலே பெயர்த்துக்கொண்டு போன தண்டவாளம் வேறுவகை. முதல் வகையிலும்கூட ஏழைக்கு ஒருவேளைச் சோறும் செல்வருக்கு ஒருவேளைச் சோறும் ஒன்றல்ல. தியாகம் என்று எல்லாவற்றையும் ஒரே பெயரில் அழைக்கும்போது இந்த வேறுபாடுகள் மறைந்துபோகின்றன. அவற்றைப் பிரித்தறியப் பழகிய மாணவர், நாளை எந்த அரசு தியாகம் கேட்டாலும் கணக்கும் சேர்த்துக் கேட்பார்.