குருநகர்க் கரையும் ஆழி கடந்த வீரரும்

யாழ்ப்பாண நகரின் தென்பால், மேற்கே பண்ணையும் கிழக்கே பாசையூரும் எல்லையாக, கடலேரியின் விளிம்பில் அமைந்திருக்கிறது குருநகர். கரையூர் என்பது இதன் பழம்பெயர். புனித யாகப்பர் ஆலயத்தை வணங்கிவிட்டுக் கடற்கரைப் பக்கம் நடப்போர்க்கு முதலில் எதிர்ப்படுவன காயும் வலைகள். அப்பால் கட்டிநிற்கும் வள்ளங்கள். அதற்கும் அப்பால், நீர்ப்பரப்பின் மறுகரையில், மண்டைதீவு.

இக்கடல் ஆழமற்றது. பல இடங்களில் இடுப்பளவு நீரிலேயே நெடுந்தூரம் நடந்து செல்லலாம். களங்கட்டி வலைகளின் கம்புகள் நிரைநிரையாக நிற்பதைக் காண்கின்றோம். நண்டும் இறாலும் இக்கரையின் செல்வங்கள். கடலட்டை தேடி மூழ்குவோரும் உளர். இத்தகைய ஊரிற் பிறந்த பிள்ளைக்கு நீச்சலை எவரும் முறையாகக் கற்பிப்பதில்லை. தமையனைப் பார்த்துத் தம்பி கற்கின்றான். வள்ளம் கவிழ்ந்தால் உயிரோடு கரைசேர வேண்டும் என்பதே அக்கல்வியின் பயன்.

நீந்தத் தெரிந்த ஊரில் நீச்சல் வீரர் மலிந்திருக்க வேண்டாமோ என்று வாசகர் வினவலாம். உயிர் காக்கும் நீச்சல் வேறு. போட்டிக்குரிய நீச்சல் வேறு. பின்னதற்கு நாள்தோறும் பயிற்சி வேண்டும். வயிறார உணவும் அயர்ந்த உறக்கமும் வேண்டும். பயிலும் இளைஞன் விடியுமுன் எழுந்து நீரில் இறங்க வேண்டும். கடற்றொழிலாளர் இல்லத்திலோ, விடியற்காலை என்பது வலையிலிருந்து மீனைக் கழற்றிச் சந்தைக்கு அனுப்பும் வேளை. அந்த ஒரு மணி நேரத்தை மகன் நீச்சலுக்கு எடுத்துக்கொண்டால், அதன் விலையைத் தந்தையின் கைகள் கொடுக்கின்றன. ஊதியங் கருதாது பயில்பவனுக்கு வெற்றி கிட்டினாலும் கிடைப்பது ஒரு பதக்கம். அடுப்பில் உலையேற்ற அது உதவாது.

இத்தியாகத்தின் எல்லையை அறிய, குடாநாட்டின் வடகரையை நோக்குவோம். தொண்டைமானாற்றைச் சேர்ந்த முருகுப்பிள்ளை நவரத்தினசாமி 1954 மார்ச்சில் வல்வெட்டித்துறையிலிருந்து புறப்பட்டு, ஏறத்தாழ 27 மணி நேரம் நீந்தித் தமிழகத்தின் கோடிக்கரையை அடைந்தார். பாக்கு நீரிணையை நீந்திக் கடந்த முதல்வர் அவரே. 1966இல் வங்காளத்து மிகிர் சென் தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடைப்பட்ட கடலைக் கடந்தார். 1971இல் வல்வெட்டித்துறை குமார் ஆனந்தன் அதே வழியே தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடி சென்று, மீண்டும் நீந்தியே திரும்பினார். அதற்கு அவர் எடுத்த நேரம் 51 மணி. ஆழிக்குமரன் என்று தமிழுலகம் அவரைப் போற்றியது.

இத்தகைய நீச்சலின் விதிகள் கடியவை. துணைப் படகு அருகே வரலாம். நீந்துபவர் அதைத் தொடலாகாது. உணவும் நீரும் நீட்டப்படும். மிதந்தவாறே பெற்றுக்கொள்ள வேண்டும். உப்புநீரால் நா தடிக்கும். கழுத்தும் அக்குளும் உராய்ந்து புண்ணாகும். சொறிமுட்டை தீண்டினால் தோல் எரியும். இரவில் திசை தெரியாது. நீரோட்டம் எதிர்ப்பட்டால் கைகள் ஓயாது வீசியும் கரை அணுகாது. அந்நிலையில் கைகொடுப்பது ஆண்டுக்கணக்கிற் பழகிய உடலும் உள்ளமுமேயாம்.

மிகிர் சென்னும் ஆனந்தனும் சட்டம் பயின்றவர்கள் என்பதை இங்கு கருதவேண்டும். பிழைப்புக்கு வேறொரு தொழில் கற்றவர்க்கும் இத்துறை பெரும் பாரமே. ஆனந்தன் அதற்குத் தம் உயிரையே கொடுத்தார். 1984 ஆகஸ்டில் ஆங்கிலக் கால்வாயை நீந்தும் முயற்சியில் அவர் மறைந்தார். பாக்கு நீரிணையின் வெதுவெதுப்பில் வளர்ந்த உடலுக்கு வடகடலின் நீர் கடுங்குளிர். கோடைகாலத்திலும் அது 18 பாகை அளவிலேயே நிற்கும். குளிர்ந்த நீர் உடலின் வெப்பத்தை ஓயாது கவர்ந்துகொள்ளும். வலிமை மிக்கோரும் அதன்முன் தளர்வர்.

குருநகர் இழந்தவை வேறு வகையின. 1986 ஜூன் 10ஆம் நாள் மண்டைதீவுக் கடலில் தொழில் செய்துகொண்டிருந்த 31 பேர் கொல்லப்பட்டனர். அவர்களுட் பெரும்பாலோர் இவ்வூரவர். 1993 நவம்பரில் யாகப்பர் ஆலயம் விமானக் குண்டுவீச்சுக்கு இலக்காயிற்று. 2009இல் போர் ஓயும்வரை கடலுக்குச் செல்வதற்குத் தடைகள் பல. தந்தையைத் தின்ற கடலில் மகனை இறங்கவிடத் தாய் அஞ்சினாள் எனின், அதில் வியப்பென்ன? தமையனிடமிருந்து தம்பிக்கு வழிவழி வந்த கல்வி இவ்வாறு பல இல்லங்களில் அறுந்தது.

அதை மீட்பது பதக்கத்திற்காக மட்டுமன்று. நீந்தத் தெரியாத பிள்ளைக்கு இக்கரையின் அமைதியான நீரும் ஆபத்தானதே. இடுப்பளவு நீருக்கு அடுத்த அடியில் படகோடும் வாய்க்கால் இருக்கலாம். ஆதலின் முதலில் எல்லாப் பிள்ளைகளும் நீந்தட்டும். அவர்களுள் விரைந்தவன் எவன் என்பது தானே விளங்கும். அவனுக்கு ஆசிரியர் ஒருவரும், நாளொன்றுக்கு ஒரு வேளை நல்லுணவும், அவன் வராத விடியற்காலையில் தந்தைக்கு வலை கழற்றக் கைகொடுக்கும் அயலவரும் வாய்த்தால் போதும்.

ஒரு வீட்டார் தனியே தாங்கும் தியாகம் பெரும்பாலும் பாதியில் முறிந்துவிடுகிறது. ஊர் பகிர்ந்துகொண்டால் அது கரைசேரும். வலையை ஒருவர் தனியே இழுப்பதில்லை என்பதைக் குருநகர் மக்களுக்கு நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை.