வட்டு விழுந்த பனை

எங்கட அரிப்பிலே பூசை மணிக்கு முன்னமே வளவுப் பனையிலே கொட்டு விழும். டொக், டொக்... கொஞ்சம் பொறுத்து இன்னொரு டொக். அடுப்படியிலிருந்து அம்மம்மா, "தச்சன் வேலைக்கு வந்திட்டான், நீங்கள் இன்னும் பாயிலையோ?" என்பா. கடற்கரை வாடியிலிருந்து கருவாட்டு மணம், ஒழுங்கையிலே புளிச்ச கள்ளு மணம். அந்த ஒழுங்கையால் என்னோடு நடந்தவன்தானே நீ, உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

தச்சன் என்றது மரங்கொத்தியை. அது அப்படி ஒன்றும் கூச்சப்படுகிற குருவியில்லை. விறைத்த வாலை மரத்தில் ஊன்றி நேரே ஏறுகிறது. முதுகு பொன்மஞ்சள், கொண்டை இரத்தச் சிவப்பு, கறுத்த தொண்டையிலே வெள்ளைப் பொட்டுகள். சேவலுக்கு உச்சி முழுக்கச் சிவப்பு. பேட்டுக்கு நெற்றிப்பக்கம் கறுப்பில் வெள்ளைப்புள்ளி. தெற்கே உள்ளதுக்கு முதுகே சிவப்பு. இடைப்பட்ட ஊர்களில் இரண்டும் கலந்த நிறத்திலும் உண்டு. பொன்முதுகுதான் எங்கட சாதி என்று எனக்கு இன்னும் ஒரு பெருமை.

எறும்பும் வண்டுப்புழுவும்தான் அதுக்குச் சாப்பாடு. தட்டிப் பார்த்து, பட்டையைப் பெயர்த்து, நீண்ட நாக்கை விட்டு இழுக்கும். கிர்ரென்று சிரித்துக்கொண்டு பறந்தால் நாங்களும் பின்னால் ஓடுவோம், அல்லிராணிக் கோட்டை மட்டும். முத்துக்குளிப்பைப் பார்க்க ஆளுநர் நோர்த் கட்டின மாளிகை அது. கடல் தின்றது போக நாலு சுவர்தான் மிச்சம். 1679இல் கண்டியிலிருந்து தப்பி அரிப்புக் கோட்டைக்கு வந்து சேர்ந்த ஆங்கிலேயர் ரொபேட் நொக்ஸும் வழியிலே இந்தச் சிரிப்பைக் கேட்டிருப்பார் என்று நானாக நினைத்துக்கொள்வேன்.

2007இல் சண்டையால் எங்கட முசலிப் பக்கமே இடம்பெயர்ந்தது. வடக்கிலே எத்தனை பனை பங்கருக்குத் தறிபட்டது, எத்தனை ஷெல் பட்டு வட்டிழந்தது! திரும்பி வந்து நிமிர்ந்து பார்த்தால் வானம் பெரிசாய்த் தெரிந்தது. இப்போது கிடுகு வேலி இருந்த இடத்தில் மதில், கதியால் நின்ற இடத்தில் கொங்கிரீட் தூண். விடிய எழுப்புவது போன் அலாரம்.

வட்டு விழுந்த பனையை யாருக்கும் பிடிக்காது. பட்டமரம் வளவுக்கு ஆகாது என்று உடனே சரித்துப்போடுகிறார்கள். மரங்கொத்திக்கு அதுதான் வீடு; அது பொந்தைத் துளைத்துக் குஞ்சு பொரித்துப் போன பிறகு கிளியும் மைனாவும் குடிவரும்.

உன் வளவிலே அப்படி ஒரு பனை நின்றால், கூரைக்கு மேலே சரியாதென்றால், விறகுக்குத் தறியாமல் விட்டுவை.