தவளையிலிருந்து தொடங்குங்கள்

ஹைதராபாத்தில் தூண்டில் சாமான் வாங்கப் போகிறவர், கடைக்குப் போகுமுன் ராம்நகர் மீன் சந்தைக்கு ஒரு நடை போய்வருவது நல்லது. ஞாயிற்றுக்கிழமை காலையில் ரோகுவும் கட்லாவும் ஐஸுக்கடியில் கிடக்கும். விரால் மட்டும் தொட்டியில் உயிரோடு புரண்டுகொண்டிருக்கும். கொரமீனு என்று கூவி விற்கிறார்கள். செவுளுக்கு மேலே காற்றை வாங்கிக்கொள்ளும் அறை இந்த மீனுக்கு உண்டு. அதனால்தான் சாண் தண்ணீரில் நாள் முழுக்க உயிரோடிருக்கிறது. 2014இல் பிறந்த தெலங்கானா, தன் மாநில மீனாகத் தேர்ந்தெடுத்தது இதைத்தான். ஜூன் மாதத்தில் மிருகசீரிஷக் கார்த்தி நாளன்று இந்த ஊரில் மீன் சாப்பிடாத வீடு குறைவு. அதே நாளில் நாம்பள்ளி கண்காட்சித் திடலில் ஆஸ்துமாக்காரர்கள் வரிசையில் நின்று, மருந்து வைத்த விரால் குஞ்சை உயிரோடு விழுங்குவார்கள். மருத்துவ உலகம் அதை ஏற்கவில்லை. கூட்டம் என்னவோ வந்துகொண்டேதான் இருக்கிறது.

என் சித்தப்பா மகன் சிகந்தராபாத்தில் பிறந்து வளர்ந்தவன். வார விடுமுறையில் ஏரிக்கரையே கதி என்று இருப்பவன். நான் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரன். குளத்தில் மூங்கில் கழியும் தக்கையும் வைத்துக் கெண்டை பிடித்து வளர்ந்தவன். ரீல் வைத்த தூண்டில் வாங்க வேண்டும் என்று சொன்னதும், அவன் என்னை நேராகக் கூட்டிவந்தது இந்தத் தொட்டிக்குத்தான்.

"அண்ணா, மொதல்ல தலையைப் பாருங்க" என்றான்.

பார்த்தேன். தட்டையான தலை. கண் மேற்புறமாக ஏறியிருக்கிறது. வாய் அகலம், கீழ்த்தாடை சற்றே முன்தள்ளி மேல்நோக்கித் திறக்கிறது. உள்ளே கெட்டியான எலும்பும் கூரிய பல்லும். மேலே போவதைப் பார்த்து, கீழிருந்து பாய்ந்து கவ்வுவதற்கென்றே அமைந்த உடம்பு. பாசிக்கும் அல்லி இலைக்கும் அடியில் அசையாமல் கிடந்து, தலைக்கு மேலே தவளை தாவும்போது எழும்பும். எந்த ராடு, எந்த ரீல், எந்த நரம்பு என்ற கேள்விகள் அத்தனைக்கும் பதில் அந்தத் தலையில் இருந்தது.

பிறகுதான் கடைக்குப் போனோம். எந்தப் பெட்டியைப் புரட்டினாலும் பாஸ் மீனின் படம். பாஸ் அமெரிக்க நன்னீர் மீன். நம் ஏரிகளில் இல்லை. 1925இல் அதை ஜப்பானுக்குக் கொண்டுபோய் ஆஷி ஏரியில் விட்டார்கள். அது நாடெங்கும் பரவி அங்குள்ள சொந்த மீன்களை ஒடுக்கியது. கூடவே பெரியதொரு தூண்டில் மோகத்தையும் வளர்த்தது. 1932இல் அமெரிக்காவின் ஜார்ஜியாவில் ஜார்ஜ் பெர்ரி பிடித்த பத்து கிலோ பாஸ்தான் வெகுகாலம் உலக சாதனை. அதற்கு ஈடான மீன் 2009இல் ஜப்பானின் பீவா ஏரியில் மனாபு குரிட்டாவின் தூண்டிலில் ஏறியது. 1921இல் சைக்கிள் உதிரிபாகத்தோடு தொடங்கிய ஷிமானோ போன்ற நிறுவனங்கள் பின்னாளில் ரீலுக்கும் பேர்போனதில் இந்த மோகத்துக்குப் பங்கு உண்டு. புல்லுக்குள் பதுங்கும் பாஸுக்காகச் செய்த சாமான், புல்லுக்குள் பதுங்கும் விராலுக்கும் பொருந்திப் போனது. மறுபக்கம், 2002இல் மேரிலாந்தின் கிராஃப்டன் ஊர்க் குளத்தில் ஆசிய விரால் இனம் ஒன்று தலைகாட்டியதும் அமெரிக்கா பதறிப்போனது. இன்று அங்கே அதையும் பாஸ் தூண்டிலிலேயே பிடிக்கிறார்கள்.

கடைக்காரர் முதலில் ராடை எடுத்து நீட்டினார். எல்லாக் கடையிலும் அதுதான் வழக்கம்: ராடு, அதற்கேற்ற ரீல், மிச்சக் காசுக்கு நரம்பு, கடைசியில் கையில் கிடைத்த லூர், அதாவது போலி இரை. இந்த வரிசை தலைகீழ் என்பது என் உறுதியான எண்ணம். மீன் வாயில் எடுப்பது லூரை. அதன் எடை தெரியாமல் ராடு வாங்கவே கூடாது.

விராலுக்கு லூர் என்றால் தவளை. உள்ளே வெற்றிடமாக உள்ள மெத்தென்ற ரப்பர் தவளை. முதுகை ஒட்டி இரட்டை முள் மேல்நோக்கிப் படுத்திருக்கும். அதனால் அல்லி இலை மேல் இழுத்தாலும் மாட்டாது. மீன் கவ்வும்போது ரப்பர் அமுங்கி முள் வெளியே வரும். வாங்கும்போது இரண்டு விரலால் அமுக்கிப் பாருங்கள். அமுங்கத் தயங்கும் தவளை எத்தனை அழகாக இருந்தாலும் வேண்டாம். முள் நகத்தில் வழுக்காமல் குத்தி நிற்க வேண்டும், ஏனென்றால் அது ஏற வேண்டியது எலும்பில். எடை 8 முதல் 15 கிராம் போதும். நிறத்தைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறார்கள். மீன் பார்ப்பது அடிவயிற்றை மட்டும். வானத்து வெளிச்சத்துக்கு எதிரே அது ஒரு நிழல்தான். கலங்கல் தண்ணீருக்குக் கறுப்பு, தெளிவான தண்ணீருக்கு வெளிர்நிறம் என்று இரண்டு இருந்தால் எனக்குப் போதும். கிராமங்களில் இன்றும் உயிர்த் தவளையின் முதுகில் முள்ளைக் கோத்துப் போடுகிறார்கள். 1987இல் தவளைக்கால் ஏற்றுமதியையே நிறுத்திய நாடு இது. வயலில் பூச்சி தின்னும் அந்த உயிரை விட்டுவிட்டு ரப்பருக்கு மாறுவதை நான் மனமார வரவேற்கிறேன்.

தவளை மிதப்பது. ஆகவே நரம்பும் மிதக்க வேண்டும். தண்ணீரில் அமிழும் ஃப்ளோரோகார்பன் இங்கே ஆகாது. நைலான் நரம்பு இழுத்தால் நீளும். தூரத்தில் மீன் கவ்வியதும் நாம் வெட்டி இழுக்கிற வேகத்தில் பாதியை அந்த நீட்சியே தின்றுவிடும். பாலிஎத்திலீன் இழைகளைப் பின்னிய பிரெய்டு நரம்பு அநேகமாக நீள்வதே இல்லை. மிதக்கும். பாசித் தண்டை அறுத்துக்கொண்டு வரும். 40 பவுண்டு வலுவுள்ள பிரெய்டு சுமார் 0.3 மில்லிமீட்டர் தடிமன்தான். இரண்டு கிலோ மீனுக்கு 40 பவுண்டு எதற்கு என்று கேட்கத் தோன்றும். மீனோடு சேர்ந்து ஒரு கூடைப் பாசியும் வருமே, அதற்கு. பணத்தை எங்கே கொட்டுவது என்று யாராவது கேட்டால் நரம்பில் என்பேன். வெறுங்கையால் மட்டும் அதை இழுக்காதீர்கள்; தோலைப் பிளந்துவிடும்.

ரீலில் இரண்டு வகை. பெய்ட்காஸ்டரில் உருளையே சுழன்று நரம்பை விடும். கட்டைவிரல் ஒரு நொடி தாமதித்தால் சிக்கல் விழுந்து பொழுது போய்விடும். கை பழகியவர்களுக்கு அதைப்போலக் குறி தவறாத கருவி கிடையாது. புதியவருக்கும் லேசான தவளைக்கும் மற்ற வகையான ஸ்பின்னிங் ரீலே, 3000 அளவில், என் தேர்வு. பல் விகிதம் 6:1 அல்லது அதற்கு மேல் இருக்கட்டும். கைப்பிடி ஒரு சுற்று சுற்றினால் நரம்பு ஆறு சுற்று ஏறும். விரால் பாசிக்குள் தலையை நுழைக்குமுன் தளர்வை வாரி எடுக்க அந்த வேகம் வேண்டும்.

ராடு கடைசியில்தான். ஆறரை அடி முதல் ஏழடி. நுனி மட்டும் வளைந்து, நடுவும் அடியும் விறைப்பாக நிற்க வேண்டும். நுனியின் நெகிழ்வு தவளையைத் தூக்கிப் போடும். அடியின் விறைப்பு மீனைப் பாசியிலிருந்து பெயர்க்கும். கைப்பிடிக்கு மேலே எத்தனை கிராம் லூருக்கு ஏற்றது என்று அச்சிட்டிருப்பார்கள். 10–30 கிராம் என்று போட்ட ஒன்றைக் கையில் எடுத்து, நம் தவளையைக் கட்டி வீசுவதுபோல் ஆட்டிப் பார்த்து வாங்கினேன். தவளையும் நரம்பும் ரீலும் கையில் இருந்ததால் ராடு தேர்வதில் குழப்பமே எழவில்லை.

மறுநாள் விடியுமுன் விகாராபாத் சாலை. உஸ்மான் சாகருக்கும் ஹிமாயத் சாகருக்கும் நடுவே போகிறது வழி. 1908 செப்டம்பரில் மூசி நதி பொங்கி நகரை வாரிக்கொண்டு போனது. அதன்பின் விஸ்வேஸ்வரய்யாவின் யோசனைப்படி எழுந்த அணைகள் இவை. ஒன்று 1920இல், மற்றது 1927இல் முடிந்தது. சேவெள்ளாவை நெருங்க, சாலையின் இருபுறமும் ஆலமரங்கள். சாலையை அகலப்படுத்தும் திட்டத்திலிருந்து அவற்றைக் காக்க மக்கள் ஆண்டுக்கணக்காகப் போராடினார்கள். மரத்துக்கு மரம் விழுது தரைதொட்டு நிற்பதைப் பார்த்தால் ஏன் போராடினார்கள் என்று யாரும் கேட்க மாட்டார்கள். மூசி பிறக்கும் அனந்தகிரி மலை இந்தப் பக்கம்தான்.

தெலங்கானாவை ஏரிகளின் நாடு என்றே சொல்லலாம். காகதீயர் காலத்திலிருந்து ஒன்றின் கலிங்கு நீர் அடுத்ததில் விழும்படி கோத்துவைத்த செருவுகள்; 2015இல் தொடங்கிய மிஷன் காகதீயா திட்டம் தூர்வாரக் கணக்கெடுத்தவை 46,000க்கும் மேல். பெரும்பாலானவற்றில் மீன்பிடி உரிமை உள்ளூர் மீனவர் கூட்டுறவுச் சங்கத்துக்கு உரியது. கங்கபுத்ர, முதிராஜ் சமூகத்தார் பிழைப்பது அதில். சங்கத்தைக் கேட்காமல் தூண்டில் போடுவது அவர்கள் தட்டிலிருந்து எடுப்பது. நாங்கள் போய்ச் சேர்ந்த ஏரியின் சங்கத்திடம் தம்பி முன்கூட்டியே பேசிவைத்திருந்தான். சங்கப் பெரியவர் ஒருவர் கரைக்கு வந்து மதகுப் பக்கம் கையைக் காட்டினார். கூடவே தலைக்கு மேலேயும் காட்டினார். வயல் மோட்டாருக்குப் போகும் மின்கம்பி தொய்ந்து தொங்கியது. கார்பன் ராடு மின்சாரத்தைக் கடத்தும். எந்தக் கடையிலும் சொல்லாத இந்த எச்சரிக்கையை எல்லா ராடின் மேலும் எழுதி ஒட்ட வேண்டும்.

கருவேல மரத்தடியில் அல்லி இலைகளுக்கு அப்பால் வீசினேன். இலைமேல் விழுந்த தவளையை நகர்த்தி, நிறுத்தி, மறுபடி நகர்த்தி. இடைவெளித் தண்ணீரில் அது இறங்கியதும் நீர் வெடித்தது. "இழுக்காதீங்க அண்ணா, இருங்க!" என்றான் தம்பி. நரம்பு பக்கவாட்டில் நகரத் தொடங்கிய பிறகு வெட்டி இழுத்தேன். ராடின் அடிப்பாகம் தன் வேலையைச் செய்தது. பாசி மாலையோடு கறுத்த விரால் ஒன்று கரைக்கு வந்தது. முள்ளின் எதிர்முள்ளைக் குறடால் முன்னமே நசுக்கிவைத்திருந்ததால் கழற்றுவது நொடிவேலை. மீண்டும் நீரில் விட்டோம்.

சற்றுத் தள்ளி, செம்மஞ்சள் பொடியைத் தூவியதுபோல் நீர்ப்பரப்பு துடித்துக்கொண்டிருந்தது. விரால் குஞ்சுகள், மூச்சு வாங்கக் கூட்டமாக மேலே வருகின்றன. தாயும் தகப்பனும் அடியில் காவல் நிற்கும். மழைக்காலத்தில் முட்டையிட்டு, குஞ்சுகள் பிரிந்து போகும்வரை பல வாரம் இப்படிக் காக்கும் மீன் இது. குஞ்சுக்கு நடுவே தவளையைப் போட்டால் பெற்ற மீன் பசியில்லாமலே பாயும், எதிரியை விரட்ட. விரால் பிடிக்க இதைவிடச் சுலபமான வழி இல்லை. பலர் அதைத் தேடியே போகிறார்கள். அப்படிப் பிடித்துக் கொண்டுபோனால், மற்ற மீனும் பறவையும் அந்தக் குஞ்சுக் கூட்டத்தைச் சீக்கிரமே தின்று தீர்த்துவிடும். நாங்கள் சாமானை எடுத்துக்கொண்டு மதகின் மறுபக்கம் போனோம். ஹைதராபாத் கடைகளில் தவளை விற்கிறவர்கள், ஆடியிலும் ஆவணியிலும் வாங்க வருகிறவரிடம் இதை ஒரு வார்த்தை சொல்லி விற்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.